மருந்திற்கு விலை வகுப்பது யார்? – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொருள்களின் விலையைச் சந்தையே வகுத்துக்கொள்ளட்டும், அரசு அதில் தலையிடலாகாது என்பர் ஒரு சாரார். உயிர் காக்கும் பொருளைச் சந்தையின் போக்கிற்கு விட்டுவிடுதல் தகாது என்பர் மற்றொரு சாரார். மருந்து விலையைக் குறித்து எழும் வாதம் பெரும்பாலும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஊசலாடி, முடிவின்றி நின்றுவிடுகிறது. ஆயினும், நம் நாட்டில் இது வெறும் கொள்கைக் கேள்வியன்று. 1962ஆம் ஆண்டு முதற்கொண்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, நம் அரசு மருந்து விலையில் ஏதேனும் ஒரு வகையில் தலையிட்டே வந்திருக்கிறது. ஆதலின், "அரசு தலையிடலாமா?" என்று கேட்பதைவிட, "அரசு எவ்வெவ் வழிகளில் தலையிட்டது? அவற்றுள் எது ஏழைக்குப் பயன்பட்டது?" என்று கேட்பதே பொருத்தமாகும்.

போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இக்கேள்வியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உதவி கேட்டு வரும் சபையாரைக் காணாத போதகர் எவரும் இலர். அர்ச்சுனா நதியின் அணையால் அறியப்படும் ஆனைக்குட்டத்திலும், சிவகாசியைச் சூழ்ந்த மற்றச் சிற்றூர்களிலும், பட்டாசுத் தொழிலால் பிழைக்கும் குடும்பத்திற்கு அன்றாடக் கூலியே வருவாய். தீப்புண்ணோ காசநோயோ நீரிழிவோ அக்குடும்பத்தில் நுழைந்தால், முதலில் அடகுக் கடைக்குப் போவது தாலியில் கோத்த தங்கம். வெளிநோயாளியாக மருத்துவம் பார்த்துக்கொள்வோரின் செலவில் பெரும்பகுதி மருந்துக்கே போகிறது என்பது இந்தியா முழுவதிலும் காணப்பட்ட உண்மை. ஆகவே, மருந்தின் விலை எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பதை அறிதல் நம் ஊழியத்திற்குப் புறம்பானதன்று.

1. மிளகாய்ச் சந்தையும் மருந்துக் கடையும்

சந்தை என்பது யாது என்பதை நம் பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விருதுநகரைச் சுற்றிலும் மழை பொய்த்த கரிசல் பூமி. எனினும் மிளகாய் வற்றல், பருப்பு, மல்லி, எண்ணெய் ஆகியவற்றிற்கு விருதுநகரில் வகுக்கப்படும் விலையே தென்னகம் முழுவதும் பேசப்பட்டது. நாளிதழ்களில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' எனத் தனியே அச்சிடப்பட்டது. ஓரூரில் பெரிதாக எதுவும் விளையாமலே அவ்வூர் விலையை வகுத்தது எப்படி? அங்கே விற்பவர் பலர், வாங்குபவர் பலர். வாங்குபவர் மூட்டையில் கைவிட்டு வற்றலை எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்க்கிறார். சரக்கு பிடிக்கவில்லை எனில் அடுத்த மண்டிக்குப் போகிறார். இன்றைக்கு விலை அதிகம் என்று தோன்றினால் ஒரு வாரம் பொறுத்து வாங்குகிறார். இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் சந்தை நியாயமான விலையைத் தருகிறது.

மருந்துக் கடையில் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. நோயாளி மாத்திரையை ஒடித்துப் பார்த்து அதன் தரத்தை அறிய இயலாது. சீட்டில் எழுதியிருக்கும் பெயர் அவருக்குப் புரிவதில்லை. அதற்கு ஈடான மலிவான மருந்து உண்டா என்று கேட்கவும் அவருக்குத் தெரியாது. நோய் பொறுக்காது ஆதலால் ஒரு வாரம் கழித்து வாங்கவும் முடியாது. எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்தைத் தெரிவு செய்பவர் மருத்துவர். பணம் கொடுப்பவர் நோயாளி. தெரிவு செய்பவர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பவர் தெரிவு செய்வதில்லை. எனவே மருந்துக் கம்பெனிகளின் போட்டி நோயாளியின் பணப்பையை நோக்கியதன்று, மருத்துவரின் பேனாவை நோக்கியது. ஆகையால், ஒரே மூலப்பொருள் கொண்ட மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கும்போது, அவற்றுள் விலை கூடியதே அதிகம் விற்பனையாவதும் உண்டு. மிளகாய்ச் சந்தையில் இது நடவாது.

பன்னிரண்டு ஆண்டு பெரும்பாடு கொண்ட பெண் தனக்குண்டானவற்றை எல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தும் குணமடையவில்லை என்று மாற்கு தம் சுவிசேஷத்தில் குறிப்பிடுவது, நோயாளி எக்காலத்திலும் பேரம் பேசும் நிலையில் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகும்.

2. மருந்தில்லாக் காலமும் மருந்து எட்டாக் காலமும்

வட திருநெல்வேலிப் பகுதியில் சுற்றித் திரிந்து நற்செய்தி அறிவித்த ராக்லண்ட் ஐயர் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில், நுரையீரலிலிருந்து இரத்தம் பெருகி மரித்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கிய அம்மேதைக்கும் சரி, அவரோடு கூடாரம் சுமந்து நடந்த ஏழைக்கும் சரி, நெஞ்சக நோய்க்கு அன்று உலகில் எங்கும் மருந்தில்லை. செல்வரும் வறியவரும் அந்நோயின்முன் ஒரே நிலையில் இருந்தனர்.

இந்நிலையை 1940களில் வந்த மருந்துகள் மாற்றின. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், பின்னர் ஐசோனியசிடும் கிடைத்தபின், 'மருந்தில்லை' என்ற நிலை போய், 'மருந்து உண்டு, கைக்கு எட்டவில்லை' என்ற நிலை வந்தது. மருந்து விலை ஓர் அறநெறிக் கேள்வியாக மாறியது அப்பொழுதுதான். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளியை மாதக்கணக்கில் ஆரோக்கிய நிலையத்தில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் அதே அளவு குணம் கிட்டும் என்று 1959இல் உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியது. அந்த ஆய்வின் பயன் முழுவதும் ஒன்றையே சார்ந்திருந்தது: ஏழை நோயாளிக்கு ஓராண்டு முழுவதும் மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

3. காப்புரிமைச் சட்டம்: செய்வோரைப் பெருக்கிய வழி

விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் காப்புரிமைச் சட்டம். மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனி பதினாறு ஆண்டுகள்வரை அதைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளலாம். அக்காலத்தில் வேறெவரும் அதைச் செய்யலாகாது. அச்சட்டத்தை ஆராயும்படி, சென்னை உயர்நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி என். இராஜகோபால ஐயங்காரை அரசு அமர்த்தியது. அவர் 1959இல் அளித்த அறிக்கை நம் மருந்து வரலாற்றின் திருப்புமுனை. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு அயல்நாட்டாருடையவை என்றும், அவற்றுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை இந்நாட்டில் உற்பத்திக்கே கொண்டுவரப்படவில்லை என்றும் அவர் கண்டார். உரிமையைப் பெற்று வைத்துக்கொண்டு, இங்கே மருந்தைச் செய்யாமல், வெளியிலிருந்து கொணர்ந்து தாம் வைத்த விலைக்கு விற்பதே பெருவழக்காயிருந்தது. அதே காலத்தில் அமெரிக்க மேலவையில் கெஃபாவர் என்பாரின் தலைமையில் நடந்த விசாரணை, உலகிலேயே மருந்து விலை மிகுந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று சுட்டிக்காட்டியது. வறுமை மிக்க நாடு செல்வ நாட்டைவிடக் கூடுதல் விலை கொடுத்தது.

ஐயங்கார் அறிக்கையின் அடிப்படையில் 1970இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. அம்முறைக்கான உரிமையும் விண்ணப்ப நாளிலிருந்து ஏழாண்டு, அல்லது உரிமை வழங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டு, இவற்றுள் எது குறைவோ அதுவே. இதன்பின் இந்திய வேதியியலார் ஒரே மருந்தை வேறு முறையில் செய்யக் கற்றனர். விற்பவர் பலராயினர், விலை வீழ்ந்தது.

இதன் பயனை உலகமே கண்டது 2001ஆம் ஆண்டில். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கான மூன்று மருந்துகளின் கூட்டு, மேலைநாட்டில் ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றிற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றது. அதையே 350 டாலருக்குத் தருவதாகச் சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத் 2001 பிப்ரவரியில் அறிவித்தார். அவரை அவ்விலைக்கு விற்கும்படி எந்த அரசும் ஆணையிடவில்லை. செய்யும் உரிமை அவருக்கு இருந்தது, அவ்வளவே. நம் அரசு 2004 ஏப்ரல் முதல் இம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் அத்திட்டத்தில் இருந்தது.

உலக வணிக உடன்படிக்கையின்படி 2005 முதல் மருந்துப் பொருளுக்கே இருபதாண்டுக் காப்புரிமை மீண்டும் வந்தது. ஆயினும், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதெனக் காட்டி உரிமை பெறுவதைத் தடுக்கும் பிரிவு ஒன்றை நம் நாடாளுமன்றம் சேர்த்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தைப் பற்றி நோவார்ட்டிஸ் நிறுவனம் தொடுத்த வழக்கு சென்னையில் தொடங்கியது. 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியது. அதற்கு முந்திய ஆண்டில், பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான சொராஃபெனிபைச் செய்ய நாட்கோ நிறுவனத்திற்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. ஒரு மாத மருந்து 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயாக இறங்கியது.

4. விலை ஆணைகள்: எழுச்சியும் சுருக்கமும்

இனி, நேரடியாக விலைக்கு வரம்பு கட்டிய ஆணைகளை நோக்குவோம். சீனப் போர்க் காலத்தில், 1962இலும் 1963இலும், மருந்து விலையை வெளிப்படையாகக் காட்டவும் அதனை அப்படியே நிறுத்திவைக்கவும் ஆணைகள் பிறந்தன. பின்னர் 1970இல், 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் முழுமையான மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உணவுத் தானியமும் மண்ணெண்ணெயும் நின்ற வரிசையில் மருந்தும் நின்றது. அடக்கச் செலவின்மேல் எவ்வளவு கூட்டலாம் என்றும், மொத்த விற்பனையில் இலாபம் எவ்வளவு இருக்கலாம் என்றும் அவ்வாணை வகுத்தது.

ஜெய்சுக்லால் ஹாத்தி குழு 1975இல் அளித்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. மக்களுக்கு இன்றியமையாத மருந்துகள் 117 எனப் பட்டியலிட்டு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மூலப்பெயராலேயே மருந்துகள் வழங்கப்பட வேண்டும் என்றது. அப்பரிந்துரை இன்றளவும் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும் 1979ஆம் ஆண்டின் ஆணை 347 மூலமருந்துகளைக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. அதுவே உச்சம். 1987இல் அவ்வெண் 142 ஆயிற்று. 1995இல் 74ஐ ஒட்டிச் சுருங்கியது.

விலை வகுக்கும் அரசின் அதிகாரத்தை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், உயிர் காக்கும் மருந்தில் கொள்ளை இலாபம் தேடுவது பெருங்கொடுமை என்ற கருத்துப்பட நீதிபதி சின்னப்ப ரெட்டி 1987இல் தீர்ப்பு எழுதி, அவ்வதிகாரத்தை நிலைநாட்டினார். 2003இல் உச்சநீதிமன்றம், இன்றியமையா மருந்துகள் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடாதபடி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இதன் தொடர்ச்சியாகவே, தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலிலுள்ள அனைத்திற்கும் விலை வரம்பு வகுக்கும் 2013ஆம் ஆண்டின் ஆணை பிறந்தது.

ஆனால், 2013இல் முறை மாறியது. முன்பு மருந்தைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு விலை வகுத்தனர். இப்பொழுதோ, சந்தையில் ஒரு விழுக்காடு அல்லது அதற்குமேல் இடம்பெற்ற பெயர்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அதன்மேல் சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்து வரம்பு கட்டுகின்றனர். எந்தச் சந்தையில் போட்டி செவ்வையாக இயங்கவில்லை என்று அரசு தலையிட்டதோ, அதே சந்தையின் சராசரியையே அளவுகோலாகக் கொண்டது முரண்பாடு அன்றோ? மேலும், மொத்த விலைக் குறியீட்டெண் ஏறும்போது வரம்பும் ஏறுகிறது. 2022 ஏப்ரலில் 10.7 விழுக்காட்டிற்கு மேலும், 2023 ஏப்ரலில் 12.1 விழுக்காட்டிற்கு மேலும் உயர்த்த இடமளிக்கப்பட்டது.

இதனால் விலை ஆணை பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. 2017 பிப்ரவரியில், இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு வரம்பு கட்டப்பட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றுவந்த நிலை மாறி, 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அப்பொழுது வெளியான கணக்குகள் ஓர் உண்மையைப் புலப்படுத்தின: நோயாளி கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அதைச் செய்தவர்க்குச் சேரவில்லை; இடையில் நின்ற விநியோகத்தாருக்கும் மருத்துவமனைக்குமே சேர்ந்தது.

5. அரசே வாங்கும் வழி

மூன்றாம் வழி ஒன்று உண்டு. அது ஆணை பிறப்பிப்பதன்று; அரசே நோயாளிகள் அனைவருக்காகவும் ஒரே வாங்குநராகச் சந்தையில் இறங்குவது. இதற்கு வழிகாட்டிய நாடுகளில் ஒன்று இலங்கை. எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் எழுதிய அறிக்கையின் வழியே 1971இல் அரசு மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மூலப்பெயரால், உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக மருந்து வாங்கும் முறையை அது கைக்கொண்டது.

நம் மாநிலத்தில் 1994 ஜூலை 1ஆம் நாள் பதிவு பெற்று, 1995 ஜனவரியில் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்நெறியைச் செவ்வனே நடத்திக் காட்டியது. மருந்துகள் மூலப்பெயராலேயே வாங்கப்படுகின்றன. ஒப்பந்தப்புள்ளியில் தகுதி முதலிலும் விலை பின்னரும் ஆராயப்படுகின்றன. வந்து சேர்ந்த சரக்கின் மாதிரிகள், செய்தவர் யாரென்று தெரியாதபடி, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. மாவட்டந்தோறும் கிடங்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் கணக்குப் புத்தகம் உண்டு. மாத்திரை அட்டையின்மேல் 'விற்பனைக்கு அன்று' என அச்சிடப்பட்டிருக்கிறது. கேரளமும் ராஜஸ்தானமும் பின்னர் இம்முறையைப் பின்பற்றின.

இங்கே நிகழ்ந்தது என்ன என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சந்தையை அரசு அழிக்கவில்லை. மாறாக, மருந்துக் கடையில் இல்லாதிருந்த அம்மூன்றையும் அரசு கொண்டுவந்து வைத்தது. தரத்தை ஆய்ந்தறியும் வாங்குநர் வந்தார். பேரம் பேசும் வலிமை வந்தது. வேண்டாம் என்று சொல்லி அடுத்தவரிடம் போகும் உரிமை வந்தது. விருதுநகர் வணிகர் மூட்டையில் கைவிட்டுப் பார்ப்பதை, ஆய்வுக்கூடத்தில் அரசு செய்கிறது. ஆனைக்குட்டத்துத் தொழிலாளிக்குத் தீப்புண்மேல் இடும் வெள்ளி சல்ஃபடையசின் களிம்பு அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்குமாயின், கடைவிலைக்கு வரம்பு எவ்வளவு என்ற கேள்வியே அவர் வீட்டில் எழாது.

6. எதிர்வாதங்கள்

மறுதரப்பார் கூறுவனவற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, விலைக்கு வரம்பு கட்டினால் உற்பத்தி குறையும் என்பர். இதில் உண்மை உண்டு. கட்டுப்பாட்டிலுள்ள மருந்தைச் செய்வதை விடுத்து, அதனோடு தேவையற்ற மற்றொன்றைக் கலந்து, பட்டியலுக்கு அப்பாற்பட்ட புதுக் கூட்டுமருந்தாக விற்கும் வழக்கம் இதன் விளைவே. மூலமருந்து உற்பத்தி பல இங்கே நின்றுபோய், இறக்குமதியாகும் மூலமருந்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவிற்குச் சீனத்திலிருந்து வரும் நிலையும் உண்டாயிற்று. ஆனால் பின்னதற்கு விலை வரம்பு ஒன்றே காரணமன்று. 1954இல் பிம்ப்ரியில் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் போன்ற பொதுத்துறை ஆலைகள் நலிய விடப்பட்டதும், சீனச் சரக்கின் மலிவும் அதனினும் பெரிய காரணங்கள்.

இரண்டாவது, இலாபம் இல்லையேல் ஆராய்ச்சி இல்லை என்பர். புதிய மருந்தைக் கண்டறியப் பெரும்பணம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காசநோயும் மலேரியாவும் போன்ற ஏழைகளின் நோய்களுக்கு இலாபம் நோக்கிய ஆராய்ச்சி நெடுங்காலம் பாராமுகமாகவே இருந்தது என்பதையும், சென்னைக் காசநோய் ஆய்வு பொதுப்பணத்தாலேயே நடந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

மூன்றாவது, அரசின் கையில் எதைக் கொடுத்தாலும் ஊழல் புகும் என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மருந்து இருப்பில் இல்லை என்று நோயாளியை வெளிக் கடைக்கு அனுப்பும் நாள் அரசு மருத்துவமனைகளில் வருவதுண்டு. எனினும் இவ்வாதம் மேற்பார்வையின் தேவையை மெய்ப்பிக்கிறதே அன்றி, ஏழையைத் தனியே பேரம் பேச விடுவதே நலம் என்பதை மெய்ப்பிக்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: மருந்து விலையில் அரசு தலையிட வேண்டும், ஆனால் தலையீடு என்றாலே விலை ஆணை என்று எண்ணுதல் குறுகிய பார்வை. மூன்று வழிகளுள் விலை ஆணையே தனித்து நிற்க வலிமையற்றது. செய்வோரைப் பெருக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழைக்காக வாங்கிய 1994ஆம் ஆண்டுக் கழகமும் அதனினும் ஆழமாகப் பயன்தந்தன. போட்டி இயலாத இடத்தில், ஸ்டென்டைப் போல, விலை வரம்பு இன்றியமையாதது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

திருச்சபைக்கு இதில் மூன்று கடமைகள் உள. ஒன்று, சபையாருக்கு அறிவு புகட்டுதல். மூலப்பெயரில் மருந்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் பணிவுடன் கேட்கலாம் என்பதும், 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் மாநிலமெங்கும் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மலிவு விலையில் மருந்து கிடைக்கும் என்பதும் நம் மக்களில் பலருக்கு இன்னும் தெரியாது. மருந்துக்கெனப் பணம் கொடுத்தனுப்பும் போதகர், சீட்டை வாங்கிப் பார்த்து, வழியையும் சொல்லி அனுப்புவாராக. இரண்டு, மேற்பார்வை. நம் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எம்மருந்து இல்லை, எத்தனை நாளாக இல்லை என்பதைக் கிராம சபையில் எழுந்து கேட்க விசுவாசிகளுக்குத் துணிவூட்டுதல் வேண்டும்.

மூன்றாவது நம்மையே நோக்கியது. மருந்தகத்தின் இலாபத்தைக் கொண்டு மற்றச் செலவுகளைச் சரிக்கட்டும் வழக்கம் தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. ஊழியமாக நடத்தப்படும் மருத்துவமனைகளுக்கும் அச்சோதனை உண்டு. 1983இல் வடோதராவில் தொடங்கிய லோகாஸ்ட் என்னும் அறநிறுவனம், இலாப நோக்கின்றித் தரமான மருந்தைச் செய்து, சேவை மருத்துவமனைகளுக்குக் குறைந்த விலையில் தர இயலும் என்று காட்டியிருக்கிறது. நம் மருத்துவமனைகளின் ஆட்சிக் குழுக்களில் அமர்ந்திருக்கும் ஆயர்களும் போதகர்களும், ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது, மருந்தகத்தின் வரவு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அம்மருந்தை என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றோம் என்றும் கேட்பார்களாக. அரசை நோக்கி நாம் எழுப்பும் கேள்விக்கு, நம் மருந்தகத்தின் விலைச்சீட்டும் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது.